மாவட்டத்தில் ஆரம்பி, தம்பி



அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவரை விளையாடுகிறவர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். முதலில் அந்த ‘64 கட்டம், 64 வாக்கு’ வரியை அடித்துவிடு. மாநிலச் சங்கத்துக்கு இரண்டு வாக்கு என்பதால் வந்த கூட்டுத்தொகை அது, அவ்வளவுதான். அந்த அலங்காரத்தில் மயங்கி, சொல்ல வேண்டியதைக் கோட்டை விட்டுவிட்டாய். 2021 தலைவர் தேர்தலில் சஞ்சய் கபூருக்கு 33, வெங்கட்ராம ராஜாவுக்கு 31. ஒரே ஒரு வாக்கு இடம் மாறியிருந்தால் 32-32! அந்த வாக்கைப் போடுகிறவரை அனுப்புவது மாநிலச் சங்கம். மாநிலச் சங்கத்துக்கு ஆள் அனுப்புவது மாவட்டம். மாவட்டத்தில் யார் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? உன் கட்டுரையில் மாவட்டம் என்ற பேச்சே இல்லை.

உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே பற்றிய பகுதியும் வேண்டாம். 2022இல் சென்னையில் நடந்த அதன் தலைவர் தேர்தலில் துவோர்கோவிச் 157-16 என்று ஜெயித்ததற்கும் உன் வாதத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே வாக்கு நாட்டுக்கு, ஆளுக்கு அல்ல.

அமெரிக்காவைப் பார் என்கிறாய். பார்ப்போம். அங்கே சதுரங்கக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது செயற்குழுவை. தலைவரைக் குழுதான் தன்னுள்ளிருந்து தேர்கிறது. 16 வயது நிரம்பாதவருக்கு வாக்கில்லை. இதை நீ எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் நம் போட்டிகளுக்குப் போனால் பலகைக்கு முன் உட்கார்ந்திருப்பதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அவர்களுக்கு வாக்கா, அப்பா அம்மாவுக்கா, இல்லை மொத்தமாகப் பதிவு செய்து கூட்டி வரும் அகாடமிக்காரருக்கா? வாக்காளர் பட்டியல், தம்பி, வாக்காளர் பட்டியல்! அது எந்தத் தேதியோடு மூடப்படும், யார் கையில் இருக்கும், பெயர் விடுபட்டால் யாரிடம் முறையிடுவது? இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத ஊரில் நேரடித் தேர்தல் வைத்தால், ஆள் சேர்க்கத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான்.

ரொம்ப காலத்துக்கு முன்பு ஒரு மாவட்டச் சங்கத்தின் பொதுக்குழுவுக்குப் போயிருந்தேன். ஹாலில் ஒரு பக்கம் போட்டியின் கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது, மறு பக்கம் கூட்டம். ஆடத் தெரிந்தவர்கள் எல்லாரும் பலகையில் இருந்தார்கள். நோட்டு ஒன்று கைமாறி வந்தது, கையெழுத்துப் போட்டோம். வடையும் காபியும் வந்தன. நிர்வாகிகள் ஒருமனதாகத் தேர்வு என்று வாசித்து முடிக்கும்போது என் காபி சூடாகவே இருந்தது. வரவு செலவைக் கேட்ட ஒரு பெரியவரிடம், அடுத்த கூட்டத்தில் என்றார்கள். எதிர்த்துப் பேச யாருமில்லை. நேரம் அப்படிப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான், நுழைவுப் படிவ மேசைக்கு முன்னால் ரசீதைக் கேட்கத் தயங்கி நின்ற அந்த அப்பாவைப் பற்றி நீ எழுதிய பத்தியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அசாத்தியமான எழுத்து. சதுரங்கம் பற்றித் தமிழில் இப்படி ஒரு பத்தியை நான் படித்ததில்லை. அந்த அப்பாவுக்குத் தலைவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை, மாவட்டச் செயலாளரை மாற்ற வழி இருந்தால் போதும். வயது வந்த ஆட்டக்காரரும் பிள்ளையைப் பதிவு செய்த பெற்றோரும் மாவட்ட நிர்வாகிகளை ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கட்டும். தலைவர் பதவி பிறகு.

உன் மாவட்டச் சங்கத்துக்குப் போ. துணைவிதிகளின் நகலும் கடைசிப் பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பும் கேள். கொடுத்தால் அதை எழுது. கொடுக்காவிட்டால், யார் என்ன காரணம் சொல்லி மறுத்தார் என்று எழுது. அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்பு.