இருவர் சொல்லும் கேட்போம்

மிளகுச் சந்தை

கேரளத்தில் கொச்சி நகரம் உள்ளது. கொச்சியின் பழைய பகுதி மட்டாஞ்சேரி. அது வணிகர்களின் ஊர். மலையாளிகள், குஜராத்திகள், கொங்கணிகள், தமிழர்கள் என்று பலரும் அங்கே வாழ்கிறார்கள். முன்பு யூதர்களும் நிறைய வாழ்ந்தார்கள். அவர்கள் இருந்த தெருவுக்கு யூதத் தெரு என்று பெயர். 1568ஆம் ஆண்டில் அவர்கள் கட்டிய தொழுகைக் கூடம் இன்றும் அங்கே இருக்கிறது.

மட்டாஞ்சேரியின் பெரிய வியாபாரம் மிளகு. சுக்கு, ஏலக்காய், மஞ்சள் வியாபாரமும் உண்டு. மலையில் விளைந்த மிளகு மூட்டை மூட்டையாக இங்கே வரும். இங்கிருந்து பல நாடுகளுக்குப் போகும்.

யூதத் தெருவில் மிளகு வணிகர்களின் சங்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டில் அங்கே முன்பேர வணிகம் தொடங்கியது. முன்பேரம் என்றால் என்ன? பின்னால் கொடுக்கப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது. அப்போது வணிகர்கள் ஒரு கூடத்தில் கூடுவார்கள். விலையை உரக்கக் கூவுவார்கள். ஒருவர் கூவுவார். இன்னொருவர் ஏற்பார். பேரம் முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட சந்தையில் எது பெரிய சொத்து? நல்ல பெயர்தான்.

விற்பவர் தவறு செய்யலாம். மிளகில் பப்பாளி விதையைக் கலக்கலாம். சரியாகக் காயாத மிளகை நல்ல மிளகு என்று கொடுக்கலாம்.

வாங்குபவரும் தவறு செய்யலாம். பணம் தராமல் இழுத்தடிக்கலாம். நல்ல சரக்கை மட்டம் என்று சொல்லி விலையைக் குறைக்கலாம்.

ஆகவே இருவருக்கும் பெயர் வேண்டும். சந்தையில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். ஒருவர் மேல் குறை சொன்னால் அது அவர் காதுக்குப் போகும். அவர் நேரில் வந்து பதில் சொல்வார். தரகர் நடுவில் நின்று இரண்டு பேரையும் கேட்பார்.

முகம் தெரியாத ஏலம்

இப்போது செல்போனில் வாங்குகிறோம். செல்போனில் விற்கிறோம். விற்பவர் ஓர் ஊரில் இருப்பார். வாங்குபவர் இன்னோர் ஊரில் இருப்பார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பொருளையும் தொட்டுப் பார்க்க முடியாது. படம் மட்டும்தான் தெரியும்.

அப்படியானால் யாரை நம்புவது?

இந்தக் கேள்வி முதலில் இணைய ஏலத்தில்தான் பெரிதாக எழுந்தது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் கணினி வழி ஏலத்தைத் தொடங்கினார். அதுவே பிறகு ஈபே என்ற பெரிய நிறுவனம் ஆனது. அங்கே யாரும் பொருளை ஏலத்துக்கு வைக்கலாம். யாரும் ஏலம் கேட்கலாம். அதிக விலை கேட்டவருக்குப் பொருள் கிடைக்கும். 2004ஆம் ஆண்டில் ஈபே இந்தியாவுக்கும் வந்தது. 2018ஆம் ஆண்டில் அதன் இந்தியக் கடை மூடப்பட்டது.

முகம் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நம்புவார்கள்? ஒமிட்யார் 1996ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். வியாபாரம் முடிந்ததும் வாங்கியவர் விற்றவரைப் பற்றி எழுதலாம். விற்றவர் வாங்கியவரைப் பற்றி எழுதலாம். நல்லது என்றால் ஒரு மதிப்பெண் கூடும். கெட்டது என்றால் ஒரு மதிப்பெண் குறையும். எல்லோரும் அதைப் படிக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மட்டாஞ்சேரிச் சந்தை போலவே இரண்டு பேருக்கும் பெயர் உண்டு. ஆனால் அதில் ஒரு சிக்கல் வந்தது.

பயந்து எழுதிய சொல்

ஒருவர் ஏலத்தில் பழைய பித்தளை விளக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்சல் வருகிறது. பிரித்துப் பார்க்கிறார். விளக்கில் விரிசல் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் போகிறார்.

“அண்ணே, படத்துல நல்லா இருந்துச்சு. வந்தது விரிசல் விளக்கு. எழுதிடட்டுமா?”

“பொறு தம்பி. அவர் உன்னைப் பத்தி எழுதிட்டாரா?”

“இன்னும் இல்லண்ணே.”

“அதான் பாரு. நீ மோசம்னு எழுதினா அவரும் உன்னை மோசம்னு எழுதுவாரு. அப்புறம் உனக்கு யார் பொருள் கொடுப்பா?”

“நான் பணத்தை அன்னைக்கே கட்டிட்டேனே!”

“அது உனக்குத் தெரியும். படிக்கிறவங்களுக்குத் தெரியுமா?”

தம்பி பேசாமல் திரும்புகிறார். ஒன்றும் எழுதவில்லை. அடுத்த ஆள் அதே விற்பனையாளரிடம் ஏமாறுகிறார்.

இது கற்பனைக் கதை. ஆனால் இப்படிப்பட்ட பயம் உண்மையாகவே இருந்தது. பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஈபேயின் 1999ஆம் ஆண்டு விவரங்களை ஆராய்ந்தார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர்தான் கருத்து எழுதியிருந்தார்கள். அப்படி எழுதிய கருத்துகளில் 100க்கு 99 நல்ல கருத்துகள்.

நூற்றுக்கு 99 வியாபாரம் நல்லபடி நடந்ததா? பெரும்பாலும் நல்லபடி நடந்திருக்கலாம். ஆனால் குறை கண்ட சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். பதிலடிக்குப் பயந்தார்கள். பயந்து சொல்லும் சொல்லை நம்பி மற்றவர்கள் எப்படிப் பணம் கட்டுவார்கள்?

ஒருவர் வாயை மூடினால்

2008ஆம் ஆண்டில் ஈபே விதியை மாற்றியது. அதன்படி விற்பவர் வாங்குபவரைப் பற்றி நல்லதாக மட்டுமே எழுதலாம். குறை எழுத முடியாது. வாங்குபவர் மட்டும் குறை எழுதலாம்.

வாங்குபவரின் பயம் போனது. ஆனால் விற்பவர்கள் வருந்தினார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சிலர் ஏலத்தில் விலை கேட்பார்கள். பிறகு பணம் கட்ட மாட்டார்கள். அப்படிப்பட்டவரைப் பற்றி மற்ற விற்பனையாளர்களை எச்சரிக்க முடியாமல் போனது. நிறுவனத்திடம் புகார் சொல்லலாம். அவ்வளவுதான்.

சிறிய வியாபாரிக்கு இது பெரிய துன்பம். ஒரு பெண் வீட்டிலேயே மிளகுப்பொடி அரைத்துச் செல்போன் வழியே விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இதுவரை பத்துப் பேர்தான் மதிப்பெண் கொடுத்திருக்கிறார்கள். கூரியர் ஒரு நாள் தாமதம் ஆகிறது. கோபத்தில் ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுக்கிறார். பொடியில் குறை இல்லை. ஆனால் அடுத்து வருபவர் நட்சத்திரத்தைப் பார்க்கிறார். வேறு கடைக்குப் போகிறார்.

பெரிய கடைக்கு ஆயிரம் மதிப்பெண் இருக்கும். ஒன்று குறைந்தால் தெரியாது. பத்து மதிப்பெண் உள்ளவருக்கு ஒன்று குறைந்தால் அடுப்பு எரியாது. சிலர் இதைச் சொல்லியே மிரட்டுவார்கள். “பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு. இல்லையென்றால் மோசம் என்று எழுதுவேன்” என்பார்கள். இது கருத்து அல்ல. இது மிரட்டல்.

முதலில் வாங்குபவர் பயந்தார். பிறகு விற்பவர் பயந்தார். பயம் இடம் மாறியது. ஒழியவில்லை.

ஒன்றாகத் திறக்கும் உறைகள்

இரண்டு பேரும் பயமின்றிப் பேச வழி உண்டா? உண்டு.

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் இருப்பது கோட்டைக் கொச்சி. அங்கே பல குடும்பங்கள் தங்கள் வீட்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஏர்பிஎன்பி என்ற நிறுவனம் உலகம் முழுவதும் இணையம் வழியே இப்படி அறைகளைப் பிடித்துத் தருகிறது. அங்கும் விருந்தாளி வீட்டைப் பற்றி எழுதுவார். வீட்டுக்காரர் விருந்தாளியைப் பற்றி எழுதுவார். அங்கும் அதே பயம் இருந்தது.

2014ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் ஒரு புது முறை கொண்டுவந்தது. இரண்டு பேரும் எழுதும்வரை எதுவும் வெளியே தெரியாது. எழுத 14 நாள் தவணை. இருவரும் எழுதியதும் இரண்டும் ஒன்றாக வெளிவரும். ஒருவர் மட்டும் எழுதியிருந்தால் 14 நாள் முடிந்ததும் அது வெளிவரும். அதன்பின் மற்றவர் பதிலுக்கு மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது.

இது ஒட்டிய உறை போன்றது. இரண்டு பேரும் எழுதி உறையை ஒட்டுகிறார்கள். இரண்டு உறையும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது. நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

சொல்லோடு சோதனையும் வேண்டும்

சொல் மட்டும் போதுமா? போதாது. கொச்சியே இதற்குச் சாட்சி.

2012ஆம் ஆண்டில் மிளகு முன்பேர வணிகம் கணினித் திரையில் நடந்தது. சரக்கு கொச்சிக் கிடங்குகளில் இருந்தது. திரையில் தரம் எழுதியிருக்கும். அதை நம்பித்தான் விலை கேட்பார்கள். அந்த மிளகில் கனிம எண்ணெய் பூசியிருப்பதாகப் புகார் வந்தது. அந்த எண்ணெய் பூசினால் மிளகு பளபளக்கும். ஆனால் அது உண்ணும் எண்ணெய் அல்ல.

அதிகாரிகள் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். டிசம்பர் மாதத்தில் கிடங்குகளுக்குச் சீல் வைத்தார்கள். உள்ளே பல ஆயிரம் டன் மிளகு இருந்தது. புகாரை யாரும் அப்படியே நம்பவில்லை. குப்பையிலும் போடவில்லை. சோதித்துப் பார்த்தார்கள்.

ஏலக்காய் ஏலத்திலும் ஒரு பாடம் உண்டு. இடுக்கி மாவட்டத்தில் புற்றடியிலும், தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் மின் ஏலம் நடக்கிறது. கொச்சியில் உள்ள நறுமணப் பொருள் வாரியம் இதை மேற்பார்வை செய்கிறது. அங்கே சரக்கின் மாதிரியைப் பார்த்த பிறகுதான் விலை கேட்பார்கள். ஏலம் நடத்துபவருக்கு லைசென்ஸ் வேண்டும். வாங்கும் வியாபாரிக்கும் லைசென்ஸ் வேண்டும். தவறு செய்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

நம் நாட்டின் விதிகள்

2019ஆம் ஆண்டில் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2020ஆம் ஆண்டில் இணைய வணிகத்துக்கு விதிகள் வந்தன. விற்பவரே வாங்கியவர் போல நடித்துத் தன் பொருளைப் புகழ்ந்து எழுதக் கூடாது என்று அந்த விதிகள் சொல்கின்றன. புகார் சொன்னால் 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்தது என்று இணையக் கடை பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

2022ஆம் ஆண்டில் இந்தியத் தர அமைவனம் இணையக் கருத்துகளுக்கு ஒரு தர அளவு வெளியிட்டது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கருத்தை வெளியிடக் கூடாது. இவை அதில் உள்ளன. ஆனால் அது வந்தபோது கட்டாயம் ஆக்கப்படவில்லை.

கடை பதில் சொல்லாவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம்.

எழுதும் முன், படிக்கும் முன்

ஒரு சொல் நியாயமானது என்றால் அதற்கு மூன்று அடையாளம் உண்டு. சொல்பவர் பயமின்றிச் சொல்ல வேண்டும். அவர் உண்மையிலேயே வாங்கியவராக, அல்லது விற்றவராக இருக்க வேண்டும். யாரைப் பற்றிச் சொன்னாரோ அவர் பதில் சொல்ல வழி இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நியாயம் குறையும்.

குறை எழுதும் முன் விற்றவரிடம் ஒருமுறை கேளுங்கள். தவறு பொருளிலா, கூரியரிலா என்று பாருங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள். வசைச் சொல் வேண்டாம். குறை சரியாகிவிட்டால் அதையும் எழுதுங்கள். நல்ல பொருள் கிடைத்தாலும் இரண்டு வரி எழுதுங்கள்.

படிக்கும்போது நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குறை எழுதியவர் என்ன சொல்கிறார், விற்றவர் என்ன பதில் சொல்கிறார் என்று இரண்டையும் படியுங்கள். எல்லாக் கருத்தும் ஒரே மாதிரிப் புகழ்ந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரு கை தட்டினால் ஓசை வராது. வியாபாரத்துக்கும் இரண்டு கை உண்டு. எழுத்தறிந்த கைக்கு இதில் பொறுப்பு அதிகம். அந்தக் கை எழுதும் ஒரு வரி, முகம் தெரியாத ஒருவரின் பிழைப்பைக் காக்கும். கெடுக்கவும் செய்யும்.

சொல்லும் பொருளும்

முன்பேரம் – பின்னால் கொடுக்கும் சரக்குக்கு முன்பே பேசும் விலை
தரகர் – வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவில் நிற்பவர்
மாதிரி – பார்ப்பதற்காக எடுத்த சிறிதளவு சரக்கு
பதிலடி – ஒருவர் செய்ததற்குத் திருப்பிச் செய்வது
நுகர்வோர் – பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர்

பதில் எழுதுங்கள்

1. மட்டாஞ்சேரிச் சந்தையில் விற்பவர் என்ன தவறு செய்யலாம்? வாங்குபவர் என்ன தவறு செய்யலாம்?
2. விரிசல் விளக்கு வாங்கியவர் ஏன் ஒன்றும் எழுதவில்லை?
3. 2008ஆம் ஆண்டில் வந்த மாற்றத்தால் யாருக்கு நன்மை? யாருக்குத் துன்பம்?
4. தேசிய நுகர்வோர் உதவி எண் என்ன?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊர்க் கடையில் கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை. கடைக்காரர் அவர் பெயரைப் பலகையில் எழுதி வைக்கிறார். இது நியாயமா? பெயர் எழுதப்பட்டவர் என்ன சொல்வார்? இருவர் பக்கமும் நின்று பேசிப் பாருங்கள்.