வீட்டின் உட்புறத்தைப் படம் பிடிக்க எத்தகைய காமிரா வேண்டும்?

பெங்களூருக்குக் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட் இன்று கணிப்பொறித் தொழிலால் அறியப்படும் ஊராகும். ஆனால் அது தோன்றியது ஒரு வேளாண்மைக் குடியேற்றமாகவே. 1882-ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார், யூரேஷிய ஆங்கிலோ-இந்தியச் சங்கத்தாருக்கு ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். சங்கத்தின் தலைவராக விளங்கிய டி. எஸ். ஒயிட் என்பாரின் பெயரே ஊருக்கும் ஏற்பட்டது. வட்டமான ஒரு திடலைச் சூழ்ந்து ஓட்டுக் கூரையும் தாழ்வாரமும் உடைய பங்களாக்கள் எழுந்தன. 1990-களில் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. 2023 மார்ச் மாதத்தில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. நிலத்தின் விலை ஏற ஏறப் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டன. இன்று எஞ்சியவை சிலவே.

இத்தகைய வீடுகளின் முகப்பை வழிப்போக்கர் எவரேனும் படம் பிடித்து வைத்திருப்பர். உட்புறத்தைப் பதிவு செய்தவர் அரியர். இக்கட்டுரையாளர் சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வீடொன்றில் கைப்பேசியின் மிக அகன்ற லென்சினால் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். வீடு பின்னர் இடிக்கப்பட்டது. இன்று அப்படங்களைப் பார்த்தால் சிறியதோர் உட்கார்கூடம் கலியாண மண்டபம் போலக் காட்சியளிக்கிறது. சன்னலின் அகலம் என்ன, சுவரலமாரியின் உயரம் என்ன என்று அவற்றினின்று கூற இயலவில்லை. வீடு விற்பவருக்கு அறை பெரிதாகத் தோன்றுவது இலாபம். ஆவணம் தொகுப்பவருக்கு அது நஷ்டம். பள்ளி மாணாக்கரைக் கொண்டு தம் ஊரின் பழைய வீடுகளைப் பதிவு செய்ய விரும்பும் ஆசிரியர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவே.

எனவே காமிராவைத் தேர்ந்தெடுக்குமுன் அறையை அளந்து பார்த்தல் வேண்டும். அறையின் ஒரு மூலையில் நின்று நோக்கினால் இருபுறச் சுவர்களும் 90 பாகைக் கோணத்தில் விரிகின்றன. பழைய 35 மி. மீ. பிலிமின் அளவையே கொண்ட, அதாவது 36 மி. மீ. அகலமுள்ள சென்சாரில் இக்கோணம் முழுவதும் விழ வேண்டுமாயின் லென்சின் குவிதூரம் 18 மி. மீ. ஆக இருத்தல் வேண்டும். 24 மி. மீ. லென்ஸ் ஏறத்தாழ 74 பாகையையும், 50 மி. மீ. லென்ஸ் ஏறத்தாழ 40 பாகையையும் காட்டும்.

இதனைக் காசு செலவின்றிச் சோதித்து அறியலாம். ஓர் அட்டையில் 18 சென்டிமீட்டர் அகலமும் 12 சென்டிமீட்டர் உயரமும் உள்ள துளையை வெட்டிக் கொள்க. இது சென்சாரைப் போல் ஐந்து மடங்கு பெரியது. ஆகவே குவிதூரத்தையும் ஐந்தால் பெருக்கி, அத்தனை தொலைவில் அட்டையைக் கண்ணுக்கு முன் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். 9 சென்டிமீட்டரில் பிடித்தால் 18 மி. மீ. லென்சின் காட்சி தெரியும். 12 சென்டிமீட்டரில் 24 மி. மீ. லென்சின் காட்சி, 25 சென்டிமீட்டரில் 50 மி. மீ. லென்சின் காட்சி. கடைக்குச் செல்லுமுன் இந்த அட்டையுடன் நான்கு அறைகளைச் சுற்றி வந்தால், விற்பனையாளரின் பேச்சு தேவைப்படாது.

அகலம் கூடக்கூட நன்மை என்று எண்ணலாகாது. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் லென்சுகளில் படத்தின் ஓரங்கள் இழுபட்டு விரியும். நடுவிலிருந்து 45 பாகை விலகியுள்ள உருண்டையான குடமொன்று அகலத்தில் 1.4 மடங்கு நீண்டு முட்டை வடிவாகத் தோன்றும். ஆதலால் மூலையில் ஒண்டி நின்று முழு அறையையும் ஒரே படத்தில் அடக்குவதைவிட, வாயிற்படிக்கு அப்பால் பின்வாங்கி 24 மி. மீ. லென்சினால் எடுப்பதே சிறந்தது. அறையை இரண்டு மூன்று படங்களாகப் பகுத்தும் எடுக்கலாம். குளியலறை, மாடிப்படி முதலிய ஒடுங்கிய இடங்களுக்கு மட்டும் 16 அல்லது 18 மி. மீ. தேவைப்படும்.

இங்கே குறிப்பிட்ட எண்கள் 36 மி. மீ. சென்சாருக்கு உரியவை. பள்ளிகளின் வசதிக்கு ஏற்ற நடுத்தரக் காமிராக்களில் சென்சார் அகலம் சுமார் 23 மி. மீ. மட்டுமே, அவற்றில் 16 மி. மீ. லென்ஸ்தான் 24-இன் வேலையைச் செய்யும். காமிராவுடன் வழக்கமாகத் தரப்படும் 18 மி. மீ.-இல் தொடங்கும் லென்ஸ் அறைக்குள் சற்றுக் குறுகலாகவே இருக்கும். 10 மி. மீ. அளவில் தொடங்கும் மாறுகுவிய லென்ஸ் ஒன்றை, பழையதாயினும், வாங்குதல் நலம். புதிய காமிராவின் விலையை மிச்சப்படுத்தி லென்சிற்குச் செலவிடுவதே இக்கட்டுரையாளரின் துணிபு. மெகாபிக்சல் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டுவதில்லை. ஏ4 தாளில் அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும்.

இனி ஒளி. தாழ்வாரம் சூழ்ந்த பழைய அறையில் பகலிலும் 100 லக்ஸ் அளவே வெளிச்சம் இருக்கக் கூடும். எஃப் 8 துவாரத்தில், ஐ.எஸ்.ஓ. 100-இல், அதற்கு ஒன்றரை விநாடி வேண்டும். கையில் பிடித்து விநாடியில் முப்பதில் ஒரு பங்கில் எடுக்க முயன்றால் ஐ.எஸ்.ஓ. ஏறத்தாழ 5,000 வரை உயரும். படம் மணல் தூவியது போலாகும். ஆதலால் முக்காலித் தாங்கி இன்றியமையாதது. 1858-இல் லின்னேயஸ் டிரைப் மதுரையின் மண்டபங்களை மெழுகிட்ட காகித நெகடிவ்களில் படம் பிடித்தார். அந்நாளைய காகிதத்தின் மந்தமான உணர்திறனுக்கு ஈடு செய்தது காத்திருத்தலே. சுவரும் தூணும் அசைவதில்லை. காமிராவும் அசையாதிருந்தால் எத்தனை விநாடியும் எடுத்துக் கொள்ளலாம். மின்விளக்குகளின் துடிப்பும் இந்நீண்ட நேரத்தில் மறைந்துவிடும்.

சன்னல்தான் பெருந்தொல்லை. வெளியே வெயில் 50,000 லக்ஸ் எனின், உள்ளறையைப் போல் 500 மடங்கு; அதாவது ஒன்பது முறை இரட்டித்த அளவு. அலமாரியின் அடியிலுள்ள இருளையும் சேர்த்தால் வேற்றுமை இன்னும் மிகும். எனவே ஒரே நிலையில் மூன்று அல்லது ஐந்து படங்களை, ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் நான்கு மடங்கு ஒளியேற்புடன், தானே எடுக்கும் வசதியும், சுருக்கப்படாத மூலக்கோப்பாகிய 'ரா' வடிவில் சேமிக்கும் வசதியும் காமிராவில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். மேகமூட்டமான காலையில் சென்றால் பாதித் தொல்லை தீரும். பிளாஷ் விளக்கை அணைத்து வைப்பது நன்று. அது சுவர்ப் பூச்சின் நயத்தை அழித்துவிடும். காவி நிறச் சிமெண்டுத் தரையின் வண்ணம் மெய்யாகப் பதிய, குண்டு விளக்குகளையும் அணைத்துவிட்டு, சாம்பல் நிற அட்டையொன்றை முதற்படத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

காமிரா மேல்நோக்கிச் சாய்ந்தால் சுவர்கள் கூடாரம் போல் உள்வாங்கும். திரையில் மட்டக்கோடு காட்டும் காமிரா ஆயின் இப்பிழை நேராது. அன்றேல் கொத்தனாரின் சிறு ரசமட்டம் ஒன்றை மேலே வைத்துப் பார்க்கலாம். நான்கடி உயரம் பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும்.

கைப்பேசி மட்டுமே உள்ளவர் மனம் தளர வேண்டுவதில்லை. அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 மி. மீ.-க்கு நிகரானது. மிக அகன்ற லென்சைத் தொடாமல், முக்காலியில் பொருத்தி, தாமதக் கடிகாரத்தைப் பயன்படுத்தினால் நம்பத் தக்க பதிவு கிடைக்கும். எக்கருவியாயினும், எதிர்ச்சுவரை ஒட்டி மீட்டர் அளவுகோல் ஒன்றைச் சாத்தி வைத்து ஒரு படம் எடுத்தல் வேண்டும். காமிரா நின்ற இடத்தையும் நோக்கிய திசையையும் அறையின் வரைபடத்தில் அம்புக்குறியால் அன்றைக்கே குறித்துக் கொள்க. மறுநாள் எந்த மூலை எது என்று நினைவிராது.