வாடகை வீட்டில் குழந்தையின் அறை: பாதுகாப்பும் சட்டமும்

குழந்தையின் அறையில் உள்ள அலுமாரியைச் சுவருடன் பிணைத்து வைக்க வேண்டும் என்பதை வாடகை வீட்டில் வசிக்கும் பெற்றோர் பலர் அறிவர். எனினும் சுவரில் துளையிட்டால் பாண்ட் எனப்படும் பிணைப்பணம் திரும்பக் கிடைக்காது என்று அஞ்சி அப்படியே விட்டுவிடுகின்றனர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டத்தை அறிந்தவர்கள் இவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை.

நடக்கப் பழகும் குழந்தைக்கு இழுப்பறைகள் படிக்கட்டுகளாகவே தோன்றும். இரண்டு மூன்று இழுப்பறைகளைத் திறந்து அவற்றின் மேல் குழந்தை ஏறும்போது பாரம் முழுவதும் முன்பக்கம் சாய்கிறது. அலுமாரி குழந்தையின் மேலேயே கவிழ்கிறது. 2025 மே 4 முதல், 686 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட உயரமுள்ள அலுமாரிகளைப் புதிதாக விற்போர் இவ்வாபத்தைப் பற்றிய எச்சரிக்கையை வழங்க வேண்டும். ஆனால் எச்சரிக்கைத் தாள் அலுமாரியைத் தாங்கிப் பிடிக்காது. பட்டியும் திருகாணியும் கொண்டு சுவருடன் பிணைப்பதே வழி. பாரமானவற்றைக் கீழ்த்தட்டில் வைப்பதும், கண்ணைக் கவரும் பொம்மைகளை மேலே வைக்காதிருப்பதும் துணைபுரியும்.

யன்னல் மறைப்பின் கயிறு இதனினும் அமைதியான ஆபத்து. அது கழுத்தில் சுற்றினால் குழந்தையால் குரல் எழுப்ப இயலாது. அடுத்த அறையில் இருப்பவருக்கு எதுவும் கேட்காது. ஆகவே கயிற்றைத் தரையிலிருந்து குறைந்தது 1.6 மீற்றர் உயரத்தில் பொருத்திய கொளுவியில் சுற்றி வைக்க வேண்டும். குழந்தைக் கட்டிலை யன்னலுக்கு அருகில் வைத்தால் இந்த உயரத்தினால் பயனில்லை.

2020 மார்ச் 23 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, சில சிறிய மாற்றங்களுக்கு வீட்டு உரிமையாளர் நியாயமின்றி அனுமதி மறுக்க இயலாது. ஓடு பதிக்காத சுவரில் தளபாடத்தைப் பாதுகாப்புக்காகப் பிணைத்தல், மறைப்புக் கயிற்றுக்குக் கொளுவி பொருத்துதல், வீட்டினுள் குழந்தைத் தடுப்புக் கதவு அமைத்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். ஓடு பதித்த சுவராயினும் அனுமதி கேட்கலாம். பதில் சூழ்நிலையைப் பொறுத்தது. கோரிக்கையை எழுத்தில் அனுப்புவது முக்கியம். முகவரிடம் தொலைபேசியில் பெற்ற சம்மதம் பின்னொரு நாளில் சான்றாக நிற்பது கடினம். வேறு உடன்பாடு இல்லையெனில் செலவு வாடகையாளருடையது. வெளியேறும்போது தாம் பொருத்தியதை அகற்றினால் ஏற்படும் சேதத்தைச் சீர்செய்வதும் அவரது கடமை. சில வேலைகளைத் தகுதி பெற்றவரே செய்ய வேண்டும் என்று உரிமையாளர் நிபந்தனை விதிக்கலாம். மறுப்பு நியாயமற்றதாயின் மாநிலத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

ஸ்ட்ராட்டா அடுக்குமாடி யன்னல்களின் நிலை வேறு. வெளித்தரையிலிருந்து 2 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலும், உள்தரையிலிருந்து 1.7 மீற்றருக்குக் குறைவான உயரத்திலும் திறக்கும் யன்னல்களில், 12.5 சென்ரிமீற்றர் அளவுக்குத் திறக்காதபடி தடுக்கும் பூட்டு இருத்தல் வேண்டும். 2018 மார்ச் முதல் இது உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பு, வாடகையாளரின் செலவன்று.

உறங்குமிடம் பற்றி அம்மம்மாக்களுடன் சற்றுப் பேச வேண்டியிருக்கும். ஏணையில் தலைமுறைகள் வளர்ந்தன என்பது உண்மை. எனினும் வளைந்த துணியில் பிஞ்சின் தாடை மார்பில் படிந்தால் மூச்சுவழி அடைபடக்கூடும். அதனால் இந்நாட்டின் பாதுகாப்பு ஆலோசனை, உறுதியான, தட்டையான மெத்தையில் குழந்தையை மல்லாக்கக் கிடத்துமாறு கூறுகிறது. முதல் ஆறு மாதங்களேனும் பெற்றோரின் அறையில், ஆனால் தனிக் கட்டிலில் கிடத்துவதே நன்று. தலையணை, கடுகுத் தலையணை உட்பட, கட்டிலில் வேண்டாம். ஏணையில் ஆட்டுவதாயின் விழித்திருக்கும் பொழுதில் ஒருவர் அருகிலேயே இருந்து ஆட்டி, கண்ணயர்ந்ததும் கட்டிலுக்கு மாற்றிவிடலாம்.

பழைய கட்டிலை உறவினரிடம் பெறுவோர் அளவுநாடாவை எடுத்துச் செல்வது நல்லது. கம்பிகளுக்கிடையே 50 முதல் 95 மில்லிமீற்றர் வரையான இடைவெளி இருக்க வேண்டும். நடுவில் வைத்த மெத்தைக்கும் ஓரங்களுக்கும் இடையே 20 மில்லிமீற்றருக்கு மேல் இருத்தலாகாது.

வாடகை தொடர்பான ஐயங்களுக்கு ஃபெயார் டிரேடிங் அலுவலகத்தை 13 32 20 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புவோர் முதலில் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் ஊடாக அந்த அலுவலகத்துடன் இணையலாம்.