ஆண் ராசி, பெண் ராசி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேஷம், மிதுனம், சிம்மம், துலாம், தனுசு, கும்பம் ஆகிய ஆறும் ஆண் ராசிகள். ரிஷபம், கடகம், கன்னி, விருச்சிகம், மகரம், மீனம் ஆகிய ஆறும் பெண் ராசிகள். கிரகங்களில் சூரியன், செவ்வாய், குரு மூவரும் ஆண். சந்திரனும் சுக்கிரனும் பெண். புதனும் சனியும் இரண்டிலும் சேராதவை. ஜோதிடத்தின் அரிச்சுவடியிலேயே வரும் இந்தப் பாகுபாட்டைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகளில் சில, மூல நூல்களிலேயே இல்லாதவை. சில நூலில் இருந்தும் நடப்பில் நிற்காதவை.

நம்பிக்கை: ராசியின் உருவத்தைப் பார்த்துத்தான் ஆண், பெண் என்று வகுத்தார்கள்.

ரிஷபம் என்றால் காளை. ஆனால் அது பெண் ராசி. மிதுனத்தின் உருவம் ஆணும் பெண்ணுமான இணை. அதுவோ ஆண் ராசி. மேஷத்திலிருந்து எண்ணும்போது ஒற்றைப்படையில் வருவது ஆண், இரட்டைப்படையில் வருவது பெண். விதி அவ்வளவே. ஆட்சிக் கிரகத்துக்கும் இதில் பங்கில்லை. செவ்வாய் ஆண் கிரகம் என்றாலும் அதன் இரு வீடுகளில் மேஷம் ஆண், விருச்சிகம் பெண். சுக்கிரன் பெண் கிரகம். அதன் துலாம் ஆண் ராசி. சூரியனும் சந்திரனும் நீங்கலாக மற்ற ஐந்துக்கும் ஆண் வீடு ஒன்று, பெண் வீடு ஒன்று.

ஒற்றை எண்ணை ஆணோடும் இரட்டை எண்ணைப் பெண்ணோடும் சேர்ப்பது கிரேக்கத்தில் பித்தாகரஸ் வழியினரின் வழக்கம். அவர்களுடைய பட்டியலை அரிஸ்டாட்டில் பதிவு செய்திருக்கிறார்: ஒற்றை, ஆண், ஒளி, நன்மை ஒரு பக்கம், இரட்டை, பெண், இருள், தீமை மறுபக்கம். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகத்தில் ஆண் ராசிகள் குரூரமானவை, பெண் ராசிகள் சௌம்யமானவை. எண்ணிக்கை ஒன்றுதான், அதன் மேல் ஏற்றிய குணம் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது.

நம்பிக்கை: கிரகங்களின் பால் புராணத்திலிருந்து வந்தது, எல்லா மரபுக்கும் பொது.

புராணத்தில் சந்திரன் ஆண். தட்சனின் மகள்களான 27 நட்சத்திரங்களுக்குக் கணவன், புதனுக்குத் தந்தை. திங்களூர் கோயிலில் அவன் ஆண் தெய்வமாகவே வழிபடப்படுகிறான். சுக்கிரனோ அசுரர்களின் குருவான சுக்கிராச்சாரியார். இந்த இருவரும்தான் ஜாதகக் கட்டத்துக்குள் வந்ததும் பெண் கிரகங்கள் ஆகிறார்கள். கிரேக்கர்களுக்கு நிலவு செலீனி என்ற தேவி, வெள்ளி அஃப்ரோடைட்டி என்ற தேவி. பிருகத் ஜாதகத்தில் ராசிகளின் கிரேக்கப் பெயர்கள் சமஸ்கிருத உருவில் அப்படியே இடம்பெற்றிருப்பதை நினைத்தால், இந்தப் பால் பகுப்பும் அதே வழியில் வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

மரபுகளுக்குள் ஒற்றுமையும் இல்லை. பாபிலோனியர்களுக்கு நிலவு சின் என்ற ஆண் தெய்வம். 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமிக்குச் சனி ஆண். வராகமிகிரருக்கு அது அலி. ராகுவையும் கேதுவையும் பிருகத் ஜாதகம் இந்தப் பகுப்பில் சேர்க்கவில்லை. பின்னாளில் தமிழ் ஜோதிடர்கள் ராகுவைப் பெண் என்றும் கேதுவை அலி என்றும் சேர்த்துக்கொண்டார்கள். தாலமி சொன்ன காரணம் ஈரமும் வறட்சியும்: ஈரம் மிக்கவை பெண், உலர்த்துபவை ஆண். நிலவில் காற்றுமண்டலம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்பதும், வெள்ளியின் தரை ஏறக்குறைய 460 டிகிரி செல்சியஸில் வறண்டு கிடக்கிறது என்பதும் இன்று தெரியும். அந்தக் காரணம் இனி நிற்காது.

நம்பிக்கை: ஆண் சக்தி, பெண் சக்தி என்ற பேச்சு ரிஷிகள் காலத்தது.

பழைய ஜாதக நூல்கள் பலனைத்தான் சொல்கின்றன. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இரு சக்திகள் இருப்பதாகவும் ஜாதகம் அவற்றின் சமநிலையைக் காட்டுவதாகவும் பேசும் முறை 20ஆம் நூற்றாண்டில் மேற்கே உருவானது. கார்ல் யுங்கின் உளவியலை ஜோதிடத்தோடு இணைத்த டேன் ருத்யாரின் நூல் 1936இல் வெளிவந்தது.

நம்பிக்கை: ஆண் ராசியில் பிறந்த பெண் அடங்கமாட்டாள்.

இது நூலில் உள்ளதுதான். லக்னமும் சந்திரனும் ஒற்றைப்படை ராசியில் நின்றால் பெண்ணுக்கு ஆணின் தோற்றமும் இயல்பும் வரும் என்று பிருகத் ஜாதகத்தின் ஸ்திரீ ஜாதக அத்தியாயம் சொல்கிறது. சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டே கால் நாள் ஆகிறது. ஆண், பெண் ராசிகள் மாறி மாறி வருகின்றன. ஆகவே பிறக்கும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆண் ராசிக்காரர்கள், ஆண்களில் பாதிப் பேர் பெண் ராசிக்காரர்கள். பாதிப் பெண்களுக்குப் பொருந்தும் ஒரு வாக்கியத்தைக் காட்டி ஒரு வரனைத் தட்டிக்கழிப்பது அநியாயம்.

ஜாதகத்திலிருந்து மனிதரை அறிய முடியுமா என்பதையே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஷான் கார்ல்சன் 1985இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆளுமைக் குறிப்புகளில் ஜாதகருக்கு உரியது எது என்று ஜோதிடர்கள் தேர்ந்தார்கள். குருட்டாம்போக்கில் எடுத்தால் கிடைக்கும் அளவே சரியாக வந்தது. ஜெயந்த் நார்லிகர் குழுவினர் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனையில், ஜாதகத்தைப் பார்த்து மிகுந்த அறிவுத்திறன் உள்ள பிள்ளை எது, மனவளர்ச்சி குன்றிய பிள்ளை எது என்று 27 ஜோதிடர்கள் பிரித்துச் சொல்ல முயன்றார்கள். சரியாக வந்தது 46 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 வரும்.

நம்பிக்கை: பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று ராசியிலிருந்து சொல்லலாம்.

கரு உருவாகும் நேரத்து லக்னமும் கிரகங்களும் ஒற்றைப்படை ராசியில் நின்றால் ஆண் குழந்தை என்ற விதி நூல்களில் உண்டு. குழந்தையின் பாலோடு எக்ஸ், ஒய் குரோமோசோம்களுக்கு உள்ள தொடர்பை 1905இல் நெட்டி ஸ்டீவன்ஸும் எட்மண்ட் வில்சனும் தனித்தனியே பூச்சிகளில் கண்டறிந்தார்கள். மனிதரில் ஒய் குரோமோசோம் தந்தையின் விந்தணு வழியே மட்டும் வருகிறது. இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்கு 105 ஆண் குழந்தைகள் என்ற அளவில் பிறப்பதால், எப்படிக் குறி சொன்னாலும் ஏறக்குறைய பாதி பலித்துவிடும். பலித்தது மட்டும் ஊரின் நினைவில் நிற்கும். பெண் பிறந்ததற்குத் தாயின் ஜாதகத்தைப் பழிப்பதற்கு இதில் இடமே இல்லை. பெண் கருக்கள் அழிக்கப்பட்டதைக் கண்டுதான், கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1994இல் இயற்றப்பட்டது.