கர்ப்பத்தில் சிசுவின் வளர்ச்சி

நாற்றங்காலில் வேர் கெட்ட நாற்றுக்கு, நட்ட பின்பு எவ்வளவு எரு இட்டாலும் அக்குறை தீராதென்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. மனிதச் சிசுவின் விஷயத்தில் அந்த நாற்றங்கால் காலம் எது என்பதைக் குடும்பத்தினரிற் பெரும்பாலோர் பிழையாகக் கணித்துக்கொள்ளுகின்றனர். வயிறு பெரிதான பின்பு பேணினாற் போதும், முதலிரண்டு மூன்று மாதங்களில் உள்ளே விசேஷமொன்றும் நடைபெறுவதில்லை என்று எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது.

தாயின் சினைமுட்டையும் தந்தையின் விந்தணுவும் கருக்குழாயில் கூடி உண்டாகும் கரு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கருப்பையின் உட்சுவரிற் பதிகிறது. அப்பொழுது அது கடுகினும் மிகச் சிறியது. 22-ஆம் நாளளவில் இருதயம் துடிக்கத் தொடங்குகிறது. பின்னர் மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய குழல், 28-ஆம் நாளளவில் மூடிக்கொள்ளுகிறது. மூடாது நின்றால் மண்டையோட்டிலோ முதுகெலும்பிலோ பெருங்குறை நேரிடும். அந்த 28-ஆம் நாளில் தாய்க்கு நாள் தள்ளி இரண்டு வாரமே ஆகியிருக்கும்; வீட்டில் மாமியாருக்குக்கூடச் செய்தி எட்டியிராது. எட்டு வாரம் நிறைவதற்குள் கை, கால், கண், காது முதலிய அவயவங்கள் யாவும் உருவெடுத்துவிடுகின்றன. சிசுவின் நீளமோ ஓர் அங்குலத்திற்குச் சற்றே அதிகம்.

மேற்சொன்ன குழல் செவ்வனே மூடுவதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் சத்து துணைசெய்கிறது. கீரையிலும் பயறு வகைகளிலும் அது உண்டு. ஆயினும் குழந்தை வேண்டுமென்று கருதும் பெண் கர்ப்பமாவதற்கு முன்பே அதன் மாத்திரையை உட்கொள்ளத் தொடங்குவது உசிதம். நாள் தள்ளியபின் தேடிப் பெறுவது பெரும்பாலும் காலங்கடந்த காரியமாகிவிடும்.

தாயின் இரத்தமும் சிசுவின் இரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நஞ்சு எனப்படும் உறுப்பிலுள்ள மெல்லிய சவ்வின் வழியாக ஆகாரமும் பிராணவாயுவும் செல்லுகின்றன. இச்சவ்வு தீங்கனைத்தையும் தடுக்கும் மதில் என முற்காலத்தில் வைத்தியர்களே நம்பியிருந்தனர். 1941-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நார்மன் கிரெக் என்பார், கண்புரையுடன் பிறந்த சிசுக்கள் பலரின் தாய்மார் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரூபெல்லா என்னும் அம்மையால் பீடிக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்தைக் குமட்டலுக்காக உண்ட தாய்மாருக்கு, கைகால் குறுகிய குழந்தைகள் பிறந்தன. 1961-இன் இறுதியில் அங்கு அது நிறுத்தப்படுவதற்குள் பல தேசங்களிலும் பல்லாயிரம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. கரு உண்டான சுமார் 20-ஆம் நாள் முதல் 36-ஆம் நாள் வரையில் உண்டவர்களுக்கே இத்தீங்கு விளைந்தது. ஆதலால் தலைவலிக்கென்று கடையிற் கேட்டு வாங்கும் மருந்தும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் அற்பமானவையல்ல. கிரகணத்தால் உதடு பிளவுபடுமென அஞ்சி நிறைமாதக் கர்ப்பிணியை இருட்டறையில் வைப்பதோ வீண். மேலுதடு கூடும் வேலை இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிடுகிறது.

பின் மாதங்கள் எடை கூடுங் காலம். ஐந்தாம் மாதத்தையொட்டிச் சிசுவின் அசைவைத் தாய் உணர்கிறாள். ஏழாம் மாதத்தில் அது வெளியோசையைக் கேட்கும். வளைகாப்பு வளையல்களின் ஒலி அதன் செவிக்கு எட்டுவது கற்பனையன்று. அம்மாத முடிவில் எடை சுமார் ஒரு கிலோ; பிரசவத்தின்போது ஏறக்குறைய மூன்று கிலோ. மூன்றில் இரு பங்கு எடை கடைசி இரண்டரை மாதங்களில் ஏறுகின்றது. பிறந்தபின் சில மாதங்களுக்கு வேண்டிய இரும்புச் சத்தையும் சிசு இப்பொழுதே தாயிடமிருந்து சேமித்துக்கொள்ளுகிறது. குழந்தை பெருத்தால் பிரசவம் கஷ்டமாகுமென்று இக்காலத்திற் சோற்றைக் குறைப்பது, சோகை பிடித்த தாயையும் நோஞ்சான் பிள்ளையையுமே அளிக்கும். நான்காம் மாதம் முதல் கொடுக்கப்படும் இரும்புச் சத்து மாத்திரையைத் தினம் ஒன்றாக உண்பது அவசியம். மலம் கறுப்பது கண்டு நிறுத்தவேண்டுவதில்லை.

ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழையாது என்னும் சொல்லால் விளையுங் கேடு பெரிது. நுரையீரல் சுருங்கி ஒட்டாதபடி காக்கும் வழுவழுப்பான பொருள் வாரந்தோறும் பெருகிவருவதால், எட்டாம் மாதத்துச் சிசுவுக்கே பிழைக்கும் வலிமை அதிகம். அவ்வாறு பிறந்த சிசுவைக் கைவிட்டதாக எண்ணாது, நன்றாகத் துடைத்து, குளிப்பாட்டாமல், தாயின் மார்போடு உடல் படும்படி அணைத்துத் துணியாற் போர்த்தி, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.