சிறுத்துப்போன உடுப்பு: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



இம்முறை நாம் படிக்கப்போகும் விஷயம் மிகச் சிறியது. நம் பிள்ளைகளுக்கு அளவு பத்தாமற்போன உடுப்பை விற்பது பற்றியது. ஜவுளிக் கடைக்காரன் இதைப் பற்றி எழுதுவானேன், புதுத் துணி விற்பதல்லவா அவன் பிழைப்பு என்று சிலர் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான். பிறகு கற்றுக்கொண்டதை, கைப்பொருள் போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

கிள்ளானில் என் வீட்டு அலமாரியை ஒருநாள் வீட்டில் திறந்து காட்டினார்கள். நான்கு பிள்ளைகளின் சிறுத்துப்போன உடுப்புகள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. மூத்தவனின் பாஜு மெலாயு ஒன்று பெருநாளன்றும் நாலைந்து ஜும்ஆவுக்கும் உடுத்தியது; பொத்தான்கூட ஆடவில்லை. "இதை என்ன செய்வது?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. கடையில் ஒரு பீஸ் துணி மூன்று மாதம் தங்கினால் தூக்கம் வராத எனக்கு, வீட்டில் ஐந்து வருடச் சரக்கு முடங்கிக் கிடந்தது கண்ணில் படவில்லை.

உடுப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் சிறுத்துப்போகிறது? குழந்தை பிறக்கும்போது ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளம். ஒரு வயதில் 75. அதாவது முதல் வருடத்திலேயே பாதிக்குப் பாதி வளர்ந்துவிடுகிறது. எடையோ மூன்று மடங்காகிறது. இரண்டாம் வருடத்தில் இன்னும் 12 சென்டிமீட்டர் போலக் கூடும். அதற்குப் பின் வருடத்திற்கு ஆறு ஏழு சென்டிமீட்டர் என்று நிதானப்படும். ஆகவே, கைக்குழந்தையின் சட்டை மூன்று நான்கு மாதத்தில் பத்தாது. பள்ளிப் பிள்ளையின் சட்டை ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை வருடம். துணி தேயும் முன்பே பிள்ளை வளர்ந்துவிடுகிறான். பெரியவர்களின் பழைய உடுப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பழந்துணி விற்பது கௌரவக் குறைவு என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். ஊரில் நம் தாய்மார்கள் பழைய துணியைக் கொடுத்து எவர்சில்வர் பாத்திரம் வாங்கியதை நாம் பார்க்கவில்லையா? பாத்திரக்காரர் வாசலில் கூடையை இறக்கினால், தெருவே கூடிப் பேரம் பேசும். அதுவும் விற்பனைதான், காசுக்குப் பதில் குவளை வந்தது, அவ்வளவே.

இந்த நாட்டில் இது இன்று பெரிய வியாபாரம். ஜப்பான், கொரியா முதலிய நாடுகளிலிருந்து பழைய உடுப்புகள் கட்டுக் கட்டாக வந்து இறங்குகின்றன. அந்தக் கட்டின் பெயரே கடைக்கும் ஆகி, 'பண்டல் கடை' என்று எல்லாரும் சொல்கிறோம். 1990ஆம் வருடம் ஜப்பானில் பழைய புத்தகக் கடையாகத் தொடங்கிய 'புக்காஃப்' என்ற கம்பெனி, தன் நாட்டில் விலைபோகாத பழம்பொருள்களை 2016 முதல் நம் நாட்டில் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' என்ற பெயரில் கடை வைத்து விற்றுவருகிறது. யாரோ ஒரு ஜப்பானியக் குழந்தையின் சட்டை கடல் தாண்டி வந்து இங்கே விற்கும்போது, நம் வீட்டுச் சட்டை அடுத்த தெருவில் விற்காதா?

அளவு பத்தாத உடுப்பை விற்க மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ரொக்கத்திற்குக் கொடுப்பது. கடைக்காரர் பார்த்துப் பொறுக்கி, அங்கேயே பணம் தருவார். விலை குறைவு, ஆனால் வேலை அன்றோடு முடிந்தது.

இரண்டாவது, கமிஷனுக்கு விடுவது. இதைத்தான் 'கன்சைன்மென்ட்' என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. கமிஷன் மண்டியில் வாழைத்தாரை இறக்குபவர் என்ன செய்கிறார்? சரக்கு அவருடையது, மண்டிக்காரர் விற்றுக் கொடுத்துத் தம் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறார். உடுப்புக்கும் அதே முறைதான். விற்கும்வரை சரக்கு கொடுத்தவருடையது.

மூன்றாவது, நாமே விற்பது. 'முடா', 'கரோசெல்' போன்ற கைப்பேசிச் சந்தைகளில் படம் எடுத்துப் போடலாம். விலை முழுதும் நமக்கே. ஆனால் பத்து வெள்ளிச் சட்டைக்கு இருபது பேருக்குப் பதில் எழுத வேண்டும்; தபாற்செலவும் உண்டு.

இவற்றுள் எது லாபம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது உடுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரொக்கக் கடைக்காரர் ஒன்றுக்கு 3 வெள்ளி தந்தால், 60 வெள்ளி கையில். கமிஷன் கடையில் ஒன்றுக்கு 10 வெள்ளி விலை; கொடுத்தவருக்கு நூற்றுக்கு 60, கடைக்கு 40 என்று பேச்சு. இரண்டு மாதத்தில் 14 விற்றது. 140 வெள்ளியில் நமக்கு 84 என்று உடனே மனம் கணக்குப் போடும். ஆனால் பல கடைகளில் ஒரு மாதம் கழிந்தால் விலையைக் குறைப்பார்கள். எட்டு உடுப்பு 10 வெள்ளிக்கும், ஆறு உடுப்பு 7 வெள்ளிக்கும் போனால், வரவு 122 வெள்ளி. நம் பங்கு 73 வெள்ளி 20 காசு. ரொக்கத்தைவிட 13 வெள்ளி 20 காசுதான் அதிகம். அதற்கு இரண்டு மாதம் காத்திருந்தோம்; இரண்டு முறை பெட்ரோல் போட்டுப் போனோம்; ஆறு உடுப்பு திரும்பி வந்தது. ஆகவே சாதாரண உடுப்பை ரொக்கத்திற்குக் கொடுப்பதே மேல். நல்ல பாஜு மெலாயு, ஜுப்பா, பட்டுப் பாவாடை போன்ற விலையுயர்ந்தவற்றை மட்டும் கமிஷனுக்கு விட வேண்டும். விலை எப்போது, எவ்வளவு குறைப்பார்கள் என்று முதலிலேயே கேட்பது அவசியம்.

இனி, உடுப்பைத் தயார் செய்வது. துவைத்து, வெயிலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொண்டுபோங்கள். பொத்தானும் ஜிப்பும் சரியா என்று பாருங்கள். கழுத்துப் பட்டையும் அக்குளும் மங்கியிருந்தால் விற்பனைக்கு எடுத்துவைக்காதீர்கள். பள்ளிச் சட்டையிலிருந்து பெயர்ப் பட்டையையும் பள்ளிச் சின்னத்தையும் நூல் தெரியாமல் பிரித்துவிடுங்கள். ஆரம்பப் பள்ளிகளின் வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையும் நாடெங்கும் ஒன்றே ஆகையால், சின்னம் இல்லாத சட்டை எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் ஆகும். அளவை 'இத்தனை வயது' என்று எழுதுவதைவிட, ஜப்பானிய உடுப்பில் உள்ளதுபோல் உயரத்தை எழுதுவது நல்லது. 110 என்றிருந்தால் 110 சென்டிமீட்டர் உயரப் பிள்ளைக்கு என்று பொருள். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே உயரம் இருப்பதில்லை அல்லவா?

எடுத்து வைக்கும் உடுப்பில் பாச்சை உருண்டை போடுவது நம் வழக்கம். கைக்குழந்தை உடுப்பில் இதைப் போடவே கூடாது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைவுடன் பிறக்கும் குழந்தைகள் உண்டு. நம் ஆஸ்பத்திரிகளில் பிறந்த உடனே இதற்குப் பரிசோதிக்கிறார்கள். நாஃப்தலின் உருண்டையின் நெடி அக்குழந்தைகளின் இரத்த அணுக்களை உடைத்துவிடக்கூடும். வாங்குகிற வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருக்கிறதா என்று நமக்கு எப்படித் தெரியும்?

காலமும் முக்கியம். நோன்புப் பெருநாள் 2024இல் ஏப்ரல் 10. 2025இல் மார்ச் 31. இப்படி வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வருகிறது. ஆகவே இங்கிலீஷ் மாதத்தை நம்பாமல் பிறைக் கணக்கை நம்புங்கள். பெருநாள் உடுப்பை ரஜப் மாதத்திலேயே கடையில் கொடுத்துவிட வேண்டும். ஷவ்வாலில் கொண்டுபோனால் யார் வாங்குவார்? பள்ளி உடுப்பை, பள்ளி திறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

இப்போது பாடத்தின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன்.

முதன்முறை நான் முப்பத்தொரு உடுப்பை ஒரு கடையில் கமிஷனுக்கு விட்டேன். தெரிந்த முகம் என்று சிட்டை வாங்கவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனபோது, பதினொன்று விற்றது என்று காசு தந்தார்கள். மீதி எங்கே என்று கேட்டால், தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். நான் கொடுத்தது முப்பத்தொன்றுதான் என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி? அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்! கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுங்கள் என்று மதரஸாவில் ஓதிக்கொடுத்ததை மறந்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு என் கடையிலேயே ஒரு மூலையில் கம்பி கட்டி, மற்றவர்களின் பிள்ளை உடுப்பைக் கமிஷனுக்கு வாங்கித் தொங்கவிட்டேன். இம்முறை நோட்டுப் புத்தகம் போட்டு, ஒவ்வொன்றையும் எழுதிச் சிட்டை கொடுத்தேன். இனித் தவறு வராது என்றிருந்தேன். ஒரு மழையில் கூரை ஒழுகி, ஒரு சகோதரியின் மகளுடைய பாஜு கூரோங் கறைபட்டுவிட்டது. "மழைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் அண்ணன்" என்று அந்தத் தாய் சொன்னார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் கூரை ஒழுகுவது எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும்.

மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது? பிறருக்காக விற்பவர் வகீல். அவர் கையில் உள்ள பொருள் அமானத். அவருடைய அசட்டை இல்லாமல் அது கெட்டால் அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. அசட்டையால் கெட்டால் ஈடுகட்ட வேண்டும். நம் நாட்டின் 1950ஆம் வருட ஒப்பந்தச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: ஒப்படைக்கப்பட்ட பொருளை, விவேகமுள்ள ஒருவன் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். என் புதுத் துணிகளை அந்த ஒழுகும் மூலையிலிருந்து நான் முன்பே நகர்த்தியிருந்தேன். அந்தச் சகோதரியின் துணியை நகர்த்தவில்லை. இதற்குமேல் ஃபத்வா எதற்கு? முழு விலையையும் கொடுத்தேன்.

ஆகவே கமிஷனுக்குக் கொடுப்பவரும் வாங்குபவரும் இந்த ஐந்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்:

1. என்னென்ன உடுப்பு, எத்தனை, எந்த நிலையில்.
2. என்ன விலை, எப்போது, எவ்வளவு குறைக்கலாம்.
3. கமிஷன் நூற்றுக்கு எத்தனை. "பத்து வெள்ளி எனக்கு, மேலே வருவது உமக்கு" என்று விடுவதை முற்காலத்தில் அனுமதித்த அறிஞர்கள் உண்டு. கூலி இன்னதென்று தெரியாததால் ஷாபிஈ மத்ஹபில் அது சரியாகாது. விகிதமோ தொகையோ முன்கூட்டியே தெரிந்திருந்தால் சண்டைக்கு இடமில்லை.
4. எத்தனை நாள் வைத்திருப்பது; பணம் எந்தத் தேதியில்.
5. விற்காததைத் திருப்பி எடுப்பதா, தர்மத்துக்குக் கொடுப்பதா.

குறையை மறைக்காமல் சொல்வது விற்பவர் கடமை. ஈரமான தானியத்தை உள்ளே வைத்து விற்ற வியாபாரியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. உள்மடிப்பில் உள்ள கறையும் அந்த ஈரம்தான்.

கடையில் இப்படி ஒரு மூலை வைக்க விரும்புகிறவர்கள், பழம்பொருள் வியாபாரத்துக்கென 1946ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருப்பதை அறிந்துகொள்ள வேண்டும். உங்கள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டுமா என்று போலீஸ் நிலையத்திலும் மாநகர் மன்றத்திலும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். விற்கவும் உடுத்தவும் லாயக்கற்ற துணியைக் குப்பையில் போடாதீர்கள். 2018இல் தொடங்கிய 'கிளாத் கேர்ஸ்' இயக்கத்தார் துணி சேர்க்கும் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஏழைக்குச் சும்மா கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். கொடுங்கள், அதன் நன்மைக்கு ஈடில்லை. ஆனால் எல்லா ஏழையும் கை நீட்டுவதில்லை. கணவரை இழந்த ஒரு தாய்க்கு ஒருமுறை நான் உடுப்புப் பை கொடுத்தனுப்பினேன். மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். அதே தாய் ஒருநாள் என் கடை மூலைக்கு வந்தார். நிதானமாகப் பார்த்து, மடிப்பைப் புரட்டி, விலை கேட்டு, என் மகனுடைய அந்தப் பாஜு மெலாயுவை 12 வெள்ளிக்கு வாங்கிப்போனார். அடுத்த வருடம் ரஜப் மாதத்தில் அதைத் துவைத்து இஸ்திரி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். "என் பையனுக்கும் பத்தவில்லை, விற்றுக் கொடுங்கள் அண்ணன்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் அவர் பெயரை எழுதிச் சிட்டை கொடுத்தேன். அது 10 வெள்ளிக்கு விற்றது. அவர் பங்கு 6 வெள்ளியை எண்ணி வாங்கிக்கொண்டார்.

பயிற்சி: வீட்டு அலமாரியைத் திறந்து, சிறுத்துப்போன உடுப்புகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: ரொக்கத்துக்கு ஆகுபவை, கமிஷனுக்கு ஆகுபவை, தர்மத்துக்கு ஆகுபவை. ஒவ்வொன்றின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கொண்டுவந்தால், சேர்ந்து கணக்குப் பார்க்கலாம்.