தொழிலுக்கேற்ற தேகப்பயிற்சியும் அதற்கு வேண்டிய சாதனங்களும்

உழவு மாடு நோயுற்றால் ஓர் ஏர் நிற்கும். உழுபவர் நோயுற்றால் ஒரு குடும்பமே தவிக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்ற அங்கத்தினர் ஒருவர் படுக்கையில் விழுவாராயின், அவருடைய தவணை தவறுவதோடு, அவருக்கு ஜாமீன் நின்றவரும் துன்புறுவர். ஆதலின் அங்கத்தினரின் தேக நலத்தைச் சங்கத்தின் மூலதனங்களுள் ஒன்றாகக் கருதுவதில் தவறில்லை. அந்நலத்தைப் பேணுவதற்கு எவ்வகைப் பயிற்சியை மேற்கொள்ளலாம், எந்தச் சாதனங்களுக்குப் பணம் செலவிடலாம் என்னும் இரண்டுமே இப்பாடத்தில் ஆராயப்படும் விஷயங்கள்.

1. பயிற்சி அவசியமான காரணம்

பாக் நீரிணையின் கரையிலுள்ள அதிராம்பட்டினமும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் காவிரிப் பாசனத்தின் கடைமடையைச் சேர்ந்தவை. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் திறக்கப்பட்ட பின்னர்ப் பட்டுக்கோட்டை வட்டாரத்தில் நெற்சாகுபடி பெருகிற்று. ஏர் பிடித்தல், நாற்று நடுதல், கதிர்க்கட்டு சுமத்தல், களத்தில் போரடித்தல், கடலில் வலை இழுத்தல், உப்பளத்தில் உப்பு வாருதல் ஆகிய வேலைகளே ஜனங்களுக்குத் தேகாப்பியாசமாக இருந்தன. அக்காலத்துக் குடியானவருக்குத் தனியே பயிற்சி வேண்டுமென்று ஒருவரும் சொன்னதில்லை.

இப்பொழுது டிராக்டர் உழுகிறது. இயந்திரம் அறுத்து நெல்லையும் பிரித்துத் தருகிறது. கடைத்தெருவுக்குச் செல்வோர் மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இந்நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் நீரிழிவு உடையவர் என்று கணக்கிட்டது. நடையும் உழைப்பும் குறைவது அந்நோய்க்குரிய காரணங்களுள் ஒன்றாம்.

2. தேர்ந்தெடுக்கும் விதி

உடம்புக்கு மூன்று வகைப் பயிற்சிகள் வேண்டும். முதலாவது, இருதயத்தையும் மூச்சையும் பலப்படுத்தும் நடை, ஓட்டம், நீச்சல் முதலியன. இரண்டாவது, தசைகளுக்கு வலிவு தரும் தண்டால், பஸ்கி, பளு தூக்குதல் முதலியன. மூன்றாவது, மூட்டுகள் நன்கு மடங்கவும் உடல் நிலை தவறாதிருக்கவும் உதவும் பயிற்சிகள்.

இவற்றுள் எது தமக்கு வேண்டும் என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொருவரும் தம் அன்றாடத் தொழில் எதனைத் தருகிறது, எதனைத் தரவில்லை என்று பார்த்து, தொழில் தராததைப் பயிற்சியினால் பெறுதல் வேண்டும். நாளெல்லாம் கடையில் அமர்ந்திருக்கும் வியாபாரிக்கு முதலில் வேண்டுவது நடை. டிராக்டர் ஓட்டுபவருக்கு நடையும் முதுகுத் தசைகளின் வலிவும் வேண்டும். உப்பு சுமப்பவருக்கு மேலும் பளு தூக்கும் பயிற்சி தேவையில்லை. தோளையும் முதுகையும் தளர்த்தி நிமிர்த்தும் பயிற்சியே தேவை. நாள் முழுவதும் குனிந்து நடவு செய்யும் பெண்கள், இடையிடையே நிமிர்ந்து இடுப்பில் கைகளை ஊன்றி மெல்லப் பின்னே சாய்வது நலம். முதியோருக்கு, சுவரைப் பற்றிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பதும், அடிமேல் அடி வைத்து நேர்கோட்டில் நடப்பதும் கீழே விழாதிருக்க உதவும். பக்கத்து வீட்டார் செய்கிறார் என்பதற்காக ஒரு பயிற்சியை மேற்கொள்வது, பக்கத்து வயலுக்கு இட்ட உரத்தையே மண் பாராமல் தம் வயலுக்கும் இடுவதை ஒக்கும்.

3. பயிற்சியின் அளவு

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, வயதுவந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் வரையில் மிதமான உழைப்பும், இரண்டு நாட்களுக்குக் குறையாமல் தசை வலிவுப் பயிற்சியும் செய்தல் வேண்டும். 65 வயது கடந்தோர் இவற்றோடு வாரத்தில் மூன்று நாட்களேனும் நிலை தவறாமைக்குரிய பயிற்சியையும் செய்ய வேண்டும். சிறுவர் சிறுமியருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிஷம் வேண்டும்; சடுகுடு போன்ற விளையாட்டு அவர்களுக்கு மிக ஏற்றது.

நாளொன்றுக்கு 30 நிமிஷமாக ஐந்து நாள் விரைந்து நடந்தால் 150 நிமிஷம் நிறைவுறும். நடக்கும்போது பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்கவேண்டும். அதுவே மிதமான உழைப்பின் அடையாளம். பழக்கமில்லாதவர் 10 நிமிஷத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டலாம். தண்டால் எடுக்க இயலாதவர் முதலில் சுவரிலும், பின்னர்த் திண்ணையிலும் கைகளை ஊன்றிச் செய்து, இறுதியில் தரைக்கு வரலாம். ஒரு பயிற்சியைத் தளராமல் 12 முறை செய்ய முடிந்த பின்னரே எடையைக் கூட்டுதல் தகும்.

4. சாதனங்கள்

நடைக்கு வேண்டிய சாதனம் நல்ல செருப்பு அல்லது காலணி ஒன்றே. அதிராம்பட்டினத்தையடுத்த கரை பெரும்பாலும் சேறும் அலையாத்திச் செடிகளும் உடையதாகையால், மணற்கரையில் போல் அங்கே ஓட இயலாது. வாய்க்கால் கரையும் வாகனங்கள் குறைந்த பாதையும் விடியற்காலை நடைக்கு ஏற்றவை.

வலிவுப் பயிற்சிக்கு நம் நாட்டுக் கர்லாக்கட்டை மிகவும் தக்கது. தோள், மணிக்கட்டு, முதுகு ஆகியவற்றை ஒருங்கே பழக்கும் இச்சாதனத்தை இந்தியாவில் கண்ட ஆங்கிலேயப் படையினர் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் 1904-ஆம் ஆண்டிலும் 1932-ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் பந்தயங்களில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே நடைபெற்றது. தொடங்குவோர் கனமற்ற கட்டையையே எடுக்கவேண்டும். சிலம்பக் கம்பு மூச்சுக்கும் கால்களின் சுறுசுறுப்புக்கும் உதவும். அது நிற்பவரின் நெற்றியளவு இருத்தல் போதும். பழைய சாக்கில் 5 கிலோ அல்லது 10 கிலோ மணலை நிரப்பிக் கட்டினால் பளு தூக்கும் சாதனம் ஆயிற்று. இளவட்டக்கல்லோ வலிவைக் காட்டுவதற்கு உரியது. வலிவை வளர்ப்பதற்கு உரியதன்று. பழக்கமின்றி அதனைத் தூக்குவோர் இடுப்பெலும்புக்குக் கேடு தேடிக்கொள்வர்.

இரும்புச் சாதனங்களை வாங்குமுன் கடற்கரை ஊரார் ஒன்றைக் கருதவேண்டும். உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். வர்ணமும் எண்ணெயும் இடுவதற்கு ஆளில்லையெனில், விலையுயர்ந்த இயந்திரத்தின் சங்கிலியும் உருளையும் முதலில் இறுகும். பின்னர் அது யாருக்கும் பயன்படாது. துத்தநாகம் பூசிய குழாயினால் அமைத்த தொங்கு கம்பியும், எண்ணெய் தடவிய மரக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கும்.

5. எச்சரிக்கை

நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் உடையோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனை பெற்ற பின்னரே கடும் பயிற்சியைத் தொடங்கவேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை கொள்வோர் சிறிது சர்க்கரையைக் கையில் வைத்திருத்தல் நலம். அவர்கள் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. மார்பு வலி, மயக்கம், அளவு கடந்த மூச்சுத் திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும். நோன்பு மாதத்தில் பகற்பொழுதின் கடும் பயிற்சியை விடுத்து, நோன்பு திறந்து சிறிது நேரம் சென்றபின் இலேசாகச் செய்தல் தகும். கோடையில் வெயில் ஏறுமுன்னரே பயிற்சியை முடித்துக்கொள்ள வேண்டும்.

6. சங்கம் செய்யத்தக்கது

பல இடங்களில் முதலில் கட்டடமும் இயந்திரமும் வருகின்றன. பயில்வோர் பின்னர்த் தேடப்படுகின்றனர். சங்கம் இம்முறையை மாற்றவேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு ஒன்றும் வாங்காமல், நடையும் தண்டாலும் பஸ்கியும் மட்டும் நடத்தி, வருகையை ஒரு பதிவேட்டில் குறித்து வரலாம். தவறாமல் வருவோரின் தொகையைக் கண்டு, அதற்கேற்பக் கட்டைகளையும் கம்புகளையும் வாங்கலாம். இரண்டு வேளைகளாகப் பிரித்தால் பத்து ஜதைக் கட்டைகள் இருபது பேருக்குப் போதும். பெண்களுக்குத் தனி நேரம் குறித்தல் அவசியம். செலவைத் துணைவிதிகள் அனுமதிக்கும் அளவில் பொது நல நிதியிலிருந்து செய்யலாம். இதற்காகக் கடன் வாங்குவது கூடாது.

சாதனத்தைக் காட்டிலும் பயிற்றுவோரே முக்கியம். சென்னையில் 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி முதன்மையாகச் செய்த பணி ஆசிரியர்களை உண்டாக்கியதே. கிராமத்திலும் முறையறிந்த சிலம்ப ஆசானோ, பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியரோ ஒருவர் வாரத்தில் இருமுறை வந்து பிழை திருத்துவாராயின், அதுவே சங்கத்திற்குக் கிடைத்த முதற் சாதனமாகும்.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. அங்கத்தினர் ஒவ்வொருவரின் தொழிலும் மூவகைப் பயிற்சிகளுள் எதனைத் தருகிறது, எதனைத் தரவில்லை?
2. ஊரில் விடியற்காலையில் அச்சமின்றி நடக்கத்தக்க பாதை எது? பெண்களுக்கு ஏற்ற இடமும் நேரமும் யாவை?
3. வாங்க உத்தேசித்துள்ள சாதனத்தைத் துருவினின்று காக்கும் பொறுப்பை யார் ஏற்பர்?
4. மூன்று மாதப் பதிவேட்டின்படி தவறாமல் வந்தோர் எத்தனை பேர்?

இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே பணப்பெட்டியைத் திறத்தல் வேண்டும்.